கையில் வலி, கழுத்தில் காரணம்

இளம்பிள்ளையிலும் இராசிபுரத்திலும் தறிமுன் அமர்ந்து, இழை அறுந்ததோ என்று குனிந்து பார்த்தே பொழுதைக் கழிக்கும் நெசவாளர் சிலர், "தோளிலிருந்து விரல்வரை மின்சாரம் பாய்வதுபோல் இழுக்கிறது" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். நாமக்கல் லாரி ஓட்டுநரும் இதே குறையைச் சொல்வதுண்டு. கைக்கு எண்ணெய் தேய்க்கிறார்கள், கட்டுப் போடுகிறார்கள். நோயோ பல வேளைகளில் கையிலேயே இல்லை.

நம் கழுத்தில் 7 எலும்புகள் உள்ளன. ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7 தான்! குனியும்போது பிடரியின் அடியில் விரலுக்குத் தட்டுப்படும் முண்டு, பெரும்பாலோரிடம் ஏழாவது எலும்பே. இரண்டாம் எலும்பு முதல் கீழ்நோக்கி, எலும்புக்கு எலும்பு இடையே ஒரு மெத்தை உண்டு. அதற்கு வெளியே நார், உள்ளே கூழ். கழுத்துப் பகுதியிலிருந்து 8 இணை நரம்புகள் புறப்படுகின்றன. அவற்றுள் கீழே உள்ளவை எலும்புகளின் இடையே அமைந்த குறுகிய துளைகள் வழியாகக் கைக்குச் செல்கின்றன. வயது ஏற ஏற மெத்தை நீர் வற்றித் தேயும். எலும்பின் விளிம்பில் முள்போல் வளரும். சிலருக்கு மெத்தையே பிதுங்கும். அப்போது துளையில் நரம்பு நெரிபடுகிறது. மூளையோ, அந்த நரம்பு முடியும் இடத்திலிருந்தே செய்தி வந்ததாக எண்ணிக்கொள்கிறது. ஆறாம் நரம்பாயின் பெருவிரல் மரக்கும், ஏழாவதாயின் நடுவிரல், எட்டாவதாயின் சுண்டுவிரல். எந்த விரல் மரக்கிறது என்று மருத்துவர் கேட்பது இதனாலேயே.

ஆனால் இடக்கை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால், அது இதயத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம். கழுத்து வலிதான் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

முடிதிருத்தும் கடையில் கழுத்தைத் திருகிச் சொடுக்கு எடுக்கும் பழக்கம் நமக்குச் சிறிதும் உடன்பாடன்று. மூளைக்குச் செல்லும் இரண்டு இரத்தக் குழாய்கள் கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகளுக்குள்ளேதான் ஏறுகின்றன. திடீர்த் திருகலில் அவை கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

பெரும்பாலோர்க்கு இவ்வலி ஓய்வு, மருந்து, முறையான பயிற்சி இவற்றாலேயே சில வாரங்களில் தணிந்துவிடும், கத்தி வேண்டியதில்லை. பிடிப்பு தளர்ந்து பாத்திரம் நழுவினாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டாத தொலைவில் இல்லை.

தறியை நிறுத்திவிட்டுத் தலைமேல் கை வைத்திருக்கும் கணவரைக் கண்டு, "குடும்பத்துக்கு ஆகாது" என்று மனைவியர் கடிந்துகொள்வதுண்டு. அப்படிக் கையை உயர்த்தி வைத்தால் நரம்பின் இழுப்புத் தளர்ந்து, சிலருக்கு வலி குறைகிறது. மருத்துவரிடம் செல்லும்போது அதையும் மறவாமல் சொல்லட்டும். நோயை அறிய அவருக்கு அதுவும் ஓர் அடையாளம்.