பிரித்துக் கட்டிய இன்ஜின் ஏன் கிளம்பவில்லை?

பழைய வண்டியின் இன்ஜினைப் பிரித்து, தேய்ந்த சிலிண்டர்களை ரீபோர் செய்து, பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டு மறுபடியும் கட்டி முடித்தபின், செல்ஃப் அடித்தும் அது கிளம்பாமல் நின்றுவிட்டால், பலர் முதலில் சந்தேகிப்பது அதன் உட்பாகங்களைத்தான். ஆனால் கவனமாகக் கட்டப்பட்ட இன்ஜினில் கோளாறு பெரும்பாலும் கடைசியாக, வெளிப்புறத்தில் மாட்டப்பட்ட பாகங்களில்தான், அதாவது மின்கம்பியிலோ, டிஸ்ட்ரிபியூட்டரிலோ, பெட்ரோல் குழாயிலோ, ராக்கர் நட்டிலோ ஒளிந்திருக்கும். அது எது என்று அறியாமல் திரும்பத் திரும்பச் செல்ஃப் அடிப்பது நல்ல இன்ஜினையும் கெடுத்துவிடும் என்பதால், சோதனைக்கு ஒரு வரிசை வேண்டும்; அந்த வரிசையைச் செல்ஃப் அடிப்பதற்கு முன்பே தொடங்கவும் வேண்டும்.

அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக்குகளை வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே பல ஆண்டுகள் செலவிட்டுப் புதுப்பிப்பது பரவலான வழக்கம். அவ்வாறு பாதி வேலையில் நிற்கும் வண்டியை அங்கே புராஜெக்ட் டிரக் என்பார்கள். 1960களிலும் 1970களிலும் வந்த செவர்லே பிக்கப்புகள் இவ்வகையில் மிகவும் விரும்பப்படுபவை. அவற்றில் பலவற்றை இழுப்பது ஸ்மால் பிளாக் எனப்படும் எட்டு சிலிண்டர் வி வடிவ இன்ஜின். 1955இல் 265 கன அங்குலக் கொள்ளளவுடன் அறிமுகமான அந்த இன்ஜின், 1967இல் 350 கன அங்குலமாக, அதாவது ஏறத்தாழ 5.7 லிட்டராக வளர்ந்தது. பல ஆண்டு மாடல்களின் உதிரிபாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவது இதன் பெரிய வசதி. ஆனால் ஓர் ஆண்டின் பிளாக், இன்னோர் ஆண்டின் முன்மூடி, வேறோர் ஆண்டின் டிஸ்ட்ரிபியூட்டர் எனச் சேர்த்துக் கட்டப்படும்போது, தனித்தனியே குறையில்லாத பாகங்கள் கூடிக் கோளாறாக முடிவதும் அந்த வசதியால்தான்.

செல்ஃப் அடிக்கும் முன்

வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடும் கேம் ஷாஃப்டில் முட்டை வடிவ மேடுகள் இருக்கின்றன. அவற்றின் மேல் டேப்பட் எனப்படும் உருளைகள் உரசியபடி ஏறி இறங்குகின்றன. பழைய ஸ்மால் பிளாக்கில் இந்த டேப்பட்டின் அடிப்பரப்பு மிக நுண்ணிய குவிவாகவும், கேம் மேடு சிறு சரிவாகவும் கடையப்பட்டிருப்பதால், டேப்பட் ஏறி இறங்கும்போதே தன்னைத்தானே சுற்றிக்கொண்டு தேய்மானத்தைப் பரப்பிவிடுகிறது. புதிய கேமும் புதிய டேப்பட்டும் இவ்வாறு ஒன்றோடொன்று பழகும்வரை அவற்றைக் காப்பது, கட்டும்போது பூசப்பட்ட பசை மட்டுமே; செல்ஃபின் மந்தமான சுழற்சி நீள நீள அந்தப் பசை வழிக்கப்பட்டு, உலோகம் உலோகத்தை அரைக்கத் தொடங்குகிறது. இன்ஜின் கிளம்பாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் கேமின் ஆயுளிலிருந்து கழிவதால்தான், இங்கே சோதனை முந்த வேண்டியதாகிறது.

முதலாவது, ஆயில். இந்த இன்ஜினில் ஆயில் பம்பைச் சுழற்றுவது டிஸ்ட்ரிபியூட்டரின் அடிமுனை என்பதால், டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு அந்தத் துளை வழியே, அதற்கென்று அமைந்த தண்டை டிரில் மோட்டாரில் பொருத்திக் கடிகார முள் செல்லும் திசையில் சுழற்றினால், இன்ஜின் ஓடாமலேயே பம்பு இயங்கி எல்லாப் பேரிங்குகளுக்கும் ஆயில் ஏறிவிடும். அவ்வப்போது கிராங்க் ஷாஃப்டைக் கையால் சற்றுத் திருப்பியபடி, ராக்கர்கள் ஒவ்வொன்றின் மேலும் ஆயில் கசிவதைக் கண்ணால் பார்க்கும்வரை இதைத் தொடர வேண்டும்.

இரண்டாவது, வால்வு இறுக்கம். ஹைட்ராலிக் டேப்பட்டுக்குள் ஆயில் அழுத்தத்தில் நகரும் சிறு பிஸ்டன் ஒன்று இருப்பதால், ராக்கர் நட்டை இடைவெளி மறையும் வரை இறக்கி, அதன்பின் அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரை மட்டுமே முடுக்க வேண்டும். அதற்கு மேல் முடுக்கினால் வால்வு முழுமையாக மூடாது. கலவை அழுத்தம் பெறாமல் வெளியேறிவிடும். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் வழக்கத்தைவிட எளிதாக, தடையின்றி விர்ரெனச் சுழன்றால், இதையே முதலில் ஐயுற வேண்டும்.

தீப்பொறியின் நேரமும் வலுவும்

நான்கு அசைவு இன்ஜினில் ஒரு முழுச் சுழலுக்குக் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றுகிறது. கேமும் அதனோடு இணைந்த டிஸ்ட்ரிபியூட்டரும் ஒரே சுற்றுச் சுற்றுகின்றன. ஆகவே முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சிக்கு வருவது ஒரு சுழலில் இரண்டு முறை; ஒருமுறை கலவையை அழுத்தியபடி, மறுமுறை புகையை வெளித்தள்ளியபடி. இன்ஜினின் முன்பக்கத்திலுள்ள டைமிங் குறியை மட்டும் பார்த்து டிஸ்ட்ரிபியூட்டரை இறக்குபவர், புகை தள்ளும் உச்சியில் அதைப் பொருத்திவிட்டால், தீப்பொறி முழுச் சுற்று தவறி விழும்; இன்ஜின் கிளம்பாமல் கார்புரேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெடிக்கும். முதல் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளையை விரலால் மூடியபடி கிராங்க்கை மெல்லத் திருப்பினால், காற்று விரலைத் தள்ளும் சுற்றே சரியான சுற்று என்று தெரிந்துவிடும்.

தீப்பொறி செல்லும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஓட்டுநர் பக்கத்தில் 5ஆம், 7ஆம் சிலிண்டர்கள் அடுத்தடுத்து அமைந்திருப்பதோடு, அடுத்தடுத்து எரியவும் செய்கின்றன. அந்த இரண்டு பிளக் கம்பிகளையும் ஒட்டி நெடுக இழுத்தால், ஒன்றின் மின்தூண்டலால் மற்றதிலும் பொறி முந்திக் கிளம்பக்கூடும் என்பதால், அவற்றைப் பிரித்தே கொண்டுசெல்ல வேண்டும்.

பொறி வலுவிழப்பதற்கும் காரணங்கள் உண்டு. காண்டாக்ட் பாயிண்ட் வைத்த பழைய அமைப்பில், காயில் சூடேறாதிருக்க மின்தடைக் கம்பி ஒன்றின் வழியே குறைந்த மின்னழுத்தம் தரப்படும். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் மட்டும் முழு பேட்டரி அழுத்தம் வேறொரு கம்பி வழியே காயிலுக்குச் செல்லும். சாவியைத் திருப்பியிருக்கும்போது இன்ஜின் எரிந்து, விட்டதும் அணைந்தால் முதல் வழி அறுந்திருக்கிறது. திருப்பியிருக்கும்போது எரியாமல், விடும் கணத்தில் மட்டும் ஒரு தடவை உதறினால் இரண்டாவது வழி இணைக்கப்படவில்லை. 1970களின் நடுவில் வந்த எச்.இ.ஐ. எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டருக்கு எப்போதும் முழு 12 வோல்ட் தேவை. அதைப் பழைய மின்தடைக் கம்பியிலேயே இணைத்துவிடுவது புராஜெக்ட் டிரக்குகளில் அடிக்கடி நிகழும் பிழை. எர்த் கம்பியையும் மறக்கலாகாது: அழகாகப் பெயின்ட் அடித்த பிளாக்கில், பெயின்ட்டின் மேலேயே எர்த்தை முடுக்கினால் மின்சாரம் திரும்ப வழியின்றி, செல்ஃப் மந்தமாகும். செல்ஃப் அடிக்கும்போது பிளாக்குக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், குறை எர்த்தில்தான்.

பெட்ரோலும் அழுத்தமும்

நீண்ட நாள் தேங்கிய பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துவிட, எஞ்சுவது பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். இன்ஜினை நிறுத்திய நிலையில், கார்புரேட்டரின் மேல்வாயைப் பார்த்தபடி ஆக்சிலரேட்டரை அசைத்தால், உள்ளே பெட்ரோல் தெளிவாகப் பீய்ச்சியடிக்க வேண்டும். பீய்ச்சாவிட்டால் கிண்ணம் வறண்டிருக்கிறது. அதைச் செல்ஃபின் உழைப்பில் நிரப்பாமல், காற்றுத் துளை வழியே சிறிது பெட்ரோல் ஊற்றி நிரப்பிக்கொள்வதே கேமுக்கு நல்லது. டேங்க்கின் துருவும், எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் இளகி வெடித்து, பெட்ரோலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும் பழைய ரப்பர் குழாயும் அடுத்துப் பார்க்க வேண்டியவை.

பொறியும் பெட்ரோலும் சரியாயிருந்தும் கிளம்பாதபோதுதான் உள்ளே நோக்க வேண்டும். பிளக்குகள் அனைத்தையும் கழற்றி, திராட்டிலை முழுதாகத் திறந்து அளக்கும்போது, நல்ல நிலையிலுள்ள சிலிண்டர் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 150 பவுண்டு அழுத்தம் காட்டும். புதிய ரிங் படியும்வரை அது சற்றுக் குறையலாம். எண்ணைவிட எட்டும் ஒத்திருப்பதே முக்கியம். குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டதும் அழுத்தம் உயர்ந்தால் குறை ரிங்கில், உயராவிட்டால் வால்வில், அருகருகே இரண்டு சிலிண்டர்கள் மட்டும் குறைந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட்டில்.

முதல் அரைமணி நேரம்

இன்ஜின் கிளம்பியதும் அதை மெதுவாக ஓடவிடுவது இயல்பான ஆசை. ஆனால் கேமுக்கு ஆயில் முக்கியமாகச் சுழலும் கிராங்க்கிலிருந்து தெறித்தே வருவதால், மெதுவான ஓட்டம் அதைப் பட்டினி போடும். எனவே நிமிடத்துக்கு 2000 முதல் 2500 சுற்று வரை, சற்றே ஏற்றி இறக்கியபடி, 20 முதல் 30 நிமிடம் ஓட்ட வேண்டும். உராய்வைத் தடுக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மம், புகைச் சுத்திகரிப்பானைக் கெடுப்பதால் சாதாரண கார் ஆயில்களில் படிப்படியாகக் குறைக்கப்பட்டுவிட்டது. ஆகவே அச்சேர்மம் மிகுந்த தனி ஆயிலே இந்த இன்ஜினுக்கு ஏற்றது. ஓடும் நேரமெல்லாம் ஆயில் அழுத்தமும் தண்ணீரின் வெப்பமும் கண்காணிக்கப்பட வேண்டும்.

அதன்பின் டைமிங் லைட்டால் பொறியின் நேரத்தைச் சரிசெய்யும்போது ஓர் எச்சரிக்கை தேவை. கிராங்க் முனையிலுள்ள அதிர்வடக்கியின் வெளிவளையம் ரப்பரின் மேல் வழுக்கியிருந்தாலும், முன்மூடி வேறோர் ஆண்டினதாக இருந்தாலும் டைமிங் குறி பொய் சொல்லும். பிஸ்டனின் உண்மையான உச்சியோடு ஒப்பிட்டபின்பே அதை நம்ப வேண்டும். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதன் விளைவை அளந்துவிட்டே அடுத்ததைத் தொட வேண்டும். மூன்றைச் சேர்த்து மாற்றியவருக்கு இன்ஜின் கிளம்பினாலும், எதனால் கிளம்பியது என்பது தெரிவதில்லை.

முதல் ஓட்டம் முடிந்ததும் ஆயிலை வடித்து, ஃபில்டரை அறுத்து, அதன் காகித மடிப்புகளை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பது வழக்கம். பொடிப்பொடியாக உலோக மினுக்கு நிறைந்திருந்தால் கேம் தேய்ந்திருக்கிறது. இன்ஜினை மறுபடியும் பிரிக்க வேண்டும். ஏறக்குறையச் சுத்தமாக இருந்தால், செல்ஃப் அடிக்கும் முன் பொறுமையோடு கழிந்த நாட்கள் வீண்போகவில்லை என்பதற்கு அந்தக் காகிதமே சான்று.