மீடியம்: வெள்ளைப் பக்கத்துக்கு வந்த விலை

ட்விட்டர் நிறுவனர்களில் ஒருவரான இவான் வில்லியம்ஸ், 2012-இல் மீடியம் தளத்தைத் தொடங்கினார். வெள்ளைப் பக்கம், பெரிய எழுத்து, கண்ணை உறுத்தும் விளம்பரம் எதுவும் இல்லை. விரைவிலேயே எவரும் எழுத முடிந்தது, எவரும் இலவசமாகப் படிக்க முடிந்தது. எழுத வந்தவர்களை ஈர்த்தது அந்த எளிமைதான்.

ஆனால் தளம் வளர வளரச் செலவும் வளர்ந்தது. 2017 ஜனவரியில் ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வேலை இழந்தனர். விளம்பர வருமானம் நல்ல எழுத்தை வளர்க்காது என்று அறிவித்த வில்லியம்ஸ், அதே ஆண்டில் மாதம் 5 டாலர் சந்தா முறைக்கு மாறினார். அதன் பின், சந்தா செலுத்தாதவர் சந்தாதாரருக்கான கட்டுரையைத் திறந்தால், பல வேளைகளில் முதல் சில பத்திகளோடு எழுத்து மங்கி, பணம் கேட்கும் பெட்டி வந்து நின்றது.

சந்தாப் பணத்தில் எழுத்தாளருக்கும் பங்கு உண்டு. அதை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் உண்மையான சிக்கல். முதலில் வாசகர் பொத்தானை அழுத்தித் தரும் கைதட்டல் அளவுகோலாக இருந்தது. ஒருவர் ஒரே கட்டுரைக்கு 50 முறை வரை தட்டலாம். 2019-இல் வாசிப்பு நேரம் அந்த இடத்தைப் பிடித்தது. அளவுகோல் மாறினால் எழுத்தும் மாறும். நான்கு வரியில் முடியும் நல்ல கவிதைக்கு நிமிடக் கணக்கில் என்ன கிடைத்துவிடும்? சிறு வடிவங்களுக்கு இது பெரிய அநீதி.

தளம் சொந்தமாக நடத்திய இதழ்களும் பின்னர் கைவிடப்பட்டன. 2022-இல் வில்லியம்ஸ் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பிலிருந்து விலக, அந்த இடத்துக்கு டோனி ஸ்டபிள்பைன் வந்தார். அடுத்த ஆண்டு, வாசிப்பு நேரத்தோடு வாசகரின் ஈடுபாட்டையும் சேர்த்துக் கணக்கிடும் முறை நடைமுறைக்கு வந்தது.