மனவடுவும் மருந்தும்

உடம்பிலே பட்ட காயம் கண்ணுக்குத் தெரியும். கட்டுப்போட்டால் ஊரார் விசாரிப்பர். மேலதிகாரியும் விடுமுறை அளிப்பார். உள்ளத்திலே பட்ட காயத்துக்கு அந்த நன்மை இல்லை. பட்டவர் எழுந்து நடமாடுகிறார், உண்கிறார், வேலைக்குச் செல்கிறார். ஆகவே அவருக்கு ஒன்றுமில்லை என்று எல்லோரும் எண்ணிவிடுகிறோம். ஆனால் நள்ளிரவில் அலறி எழுபவர் அவரே. காரணமின்றிக் குழந்தையின் மேல் எரிந்து விழுபவரும் அவரே. யாழ்ப்பாணத்து மனநோய் மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதைப்பற்றித் தமிழில் எழுதிய நூலுக்கு 'மனவடு' என்று பெயரிட்டார். அச்சொல்லையே நாமும் இங்கு ஆள்வோம்.

மைசூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இப்பொருள் தொலைவானதன்று. நம்மவருள் இரயில்வேயை நம்பி வந்தோர் உளர். கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்தோர் உளர். இலங்கையிலிருந்து வந்த உறவினரை உடையோரும் உளர். 1991 டிசம்பரில் காவிரிப் பிணக்கின் பெயரால் பெங்களூரிலும் மைசூர், மாண்டியா பகுதிகளிலும் நிகழ்ந்த கலவரத்தின்போது, கைக்குழந்தையோடு வீட்டைப் பூட்டாமலே வெளியேறியவர்கள் இன்று பாட்டன் பாட்டியராகி நம்மிடையே இருக்கின்றனர். அன்று அடைக்கலம் தந்த கன்னட அண்டை வீட்டாரை அவர்கள் மறக்கவில்லை. அந்த இரவையும் மறக்கவில்லை. முன்னதைச் சொல்வார்கள், பின்னதைச் சொல்வதில்லை.

இரயிலும் இந்நோயும்

இரயில்வேயில் எழுத்தராக இருக்கும் நமக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. தற்கால மருத்துவம் இத்துன்பத்தை ஆராயத் தொடங்கியதற்கு இரயில் விபத்துகளும் ஒரு காரணமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் புகைவண்டி விபத்தில் சிக்கி, எலும்பு முறியாமல், இரத்தம் சிந்தாமல் தப்பிய பலர், சில நாள் கழித்து நடுக்கம், உறக்கமின்மை, மறதி, அச்சம் முதலியவற்றால் வருந்தினர். 1866-ஆம் ஆண்டில் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன் இதனைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். முதுகந்தண்டு அதிர்ந்ததே காரணம் என்பது அவர் கருத்து. அதனால் இதற்கு 'இரயில்வே முதுகெலும்பு' என்னும் பெயர் வழங்கலாயிற்று. நட்டஈட்டு வழக்குகள் பெருகின. 1883-இல் ஹெர்பர்ட் பேஜ் என்னும் மற்றொரு அறுவை மருத்துவர் அக்கருத்தை மறுத்தார்; முதுகெலும்பில் பழுதில்லை, பேரச்சமே இத்தனைக்கும் காரணமாகலாம் என்றார். அவர் ஓர் இரயில்வே கம்பெனியின் மருத்துவர் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். எனினும், அச்சம் ஒன்றே மனிதனை நோயாளியாக்கும் என்னும் உண்மை அந்த வாதத்தினூடே வெளிப்பட்டது.

புகழ்பெற்ற நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், 1865 ஜூன் 9-ஆம் நாள் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்னுமிடத்தில் நிகழ்ந்த இரயில் விபத்தில் சிக்கினார். அதில் பத்துப் பேர் மாண்டனர். அவர் காயமின்றித் தப்பி, அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உதவினார். அப்பொழுது உறுதியாய் நின்ற அம்மனிதர், பிற்காலத்தில் இரயிலில் ஏறினாலே திடீரெனக் கலக்கமுற்றார். விபத்து நடந்த அதே தேதியில், ஐந்தாண்டு கழித்து, 1870-இல் அவர் மறைந்தார்.

முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளிலிருந்து மீண்ட வீரர்களிடம் இதே குறிகள் தோன்றின. 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்னும் உளவியலறிஞர் 'ஷெல் ஷாக்', அதாவது குண்டதிர்ச்சி, என்னும் பெயரை மருத்துவ இதழில் எழுதினார். அக்காலத்தில் இவ்வீரர்களுட் பலர் கோழைகள் என்று இகழப்பட்டனர். வியட்நாம் போருக்குப் பின்னர், 1980-இல்தான் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் இன்று வழங்கும் பெயருடன் இதனை ஒரு தனி நோயாக ஏற்றுக்கொண்டது. எரிக்சன் காலத்திலிருந்து நூறாண்டுக்கு மேல் இந்நோயாளர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

குறிகள் யாவை?

மருத்துவர்கள் இந்நோயின் குறிகளை நான்கு வகையாகப் பிரிக்கின்றனர். முதலாவது, நடந்தது மீண்டும் நடப்பதுபோல் தோன்றுதல். கனவாகவும் நனவாகவும் அக்காட்சி அழைக்காமலே வரும். இரண்டாவது, விலகுதல். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள். அதுபோல அந்த இடம், அந்த ஒலி, அந்தப் பேச்சு அனைத்தையும் அவர் தவிர்ப்பார். மூன்றாவது, மனம் இருளுதல். 'எல்லாம் என்னால்தான்' என்னும் குற்ற உணர்வு, எதிலும் பற்றின்மை, பிள்ளை சிரித்தாலும் தமக்கு மகிழ்ச்சி தோன்றாமை ஆகியன இதில் அடங்கும். நான்காவது, ஓயாத எச்சரிக்கை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்னும் நம் பழமொழி இந்நிலையை எத்துணைச் செவ்வையாகக் கூறுகிறது! கதவு தட்டினால் திடுக்கிடுவார், உறக்கம் வராது, சினம் பொங்கும்.

இக்குறிகள் ஒரு திங்களுக்கு மேல் நீடித்து, வேலைக்கும் இல்லறத்துக்கும் இடையூறு செய்தால்தான் நோய் என்று கொள்வர். முதல் சில வாரங்களில் இவை தோன்றுவது இயல்பே. பெரும்பாலோர் உற்றார் துணையாலும் காலத்தாலும் தாமே தேறிவிடுகின்றனர்.

சிலருக்கு மட்டும் ஏன் தேறுவதில்லை? மூளையில் 'அமிக்டலா' என்னும் சிறு பகுதி ஆபத்தை உணர்த்தும் மணி போன்றது. 'ஹிப்போகேம்பஸ்' என்னும் மற்றொரு பகுதி, எது எப்போது எங்கே நடந்தது என்று பதிவதில் பங்கு கொள்கிறது. பேரச்சத்தின்போது மணி ஓங்கி அடிக்கிறது. பதிவு ஒழுங்காக நடைபெறுவதில்லை. அதனால் நினைவு 'முடிந்த செய்தி' என்னும் முத்திரை பெறாமல், இன்னும் நடந்துகொண்டிருப்பதாகவே உடம்பை மருட்டுகிறது என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். நம் அலுவலக மொழியிற் கூறினால், தேதியிடாத கோப்பு நாள்தோறும் மேசைக்குத் திரும்பி வருவது போன்றதாம் இது.

நம் நாட்டு ஆராய்ச்சி

இத்துறையில் நம் மாநிலத்துக்குத் தனிச்சிறப்பு உண்டு. மைசூர் சமஸ்தானம் பெங்களூரில் நடத்திய மனநோய் மருத்துவமனையே அடிப்படையாக, 1954-இல் அகில இந்திய மனநலக் கழகம் தோன்றிற்று. 1974-இல் இரண்டும் இணைந்து 'நிம்ஹான்ஸ்' ஆயின. 1981 பிப்ரவரி 7-இல் பெங்களூரில் ஒரு சர்க்கஸ் கூடாரம் தீப்பற்றித் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் குழந்தைகள். இறந்தோர் குடும்பத்தினரின் துயரை நிம்ஹான்ஸ் அறிஞர்கள் ஆராய்ந்தனர்.

1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு பரவியது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அங்குச் சென்ற மனநோய் மருத்துவர்கள், சிகிச்சை நிலையங்களுக்கு வந்தோருள் சுமார் ஐந்தில் ஒருவருக்கு மனநோய்க் குறிகள் இருக்கக் கண்டனர். அத்தனை பேருக்கும் மனநோய் மருத்துவர் ஏது? நிம்ஹான்ஸ் பேராசிரியர் ஆர். சீனிவாசமூர்த்தி முதலியோர் வேறு வழி கண்டனர். உள்ளூர்ப் பொது மருத்துவர்களுக்கே கையேடு எழுதிப் பயிற்சி அளித்தனர். பேரிடர்க் காலத்தில் மனநலப் பணிக்கு நம் நாடு வகுத்த பாதை அங்கிருந்து தொடங்கிற்று எனலாம்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். இரண்டு திங்கள் கழித்துத் தமிழ்நாட்டு மீனவர் குடியிருப்பு ஒன்றில் 314 பேரை ஆராய்ந்தபோது நூற்றுக்குச் சுமார் 13 பேரிடம் மனவடு நோய் காணப்பட்டது. பெண்களிடத்தும், காயமுற்றோரிடத்தும், வருவாய் இழந்த குடும்பத்தாரிடத்தும் அது மிகுதி. இதிலிருந்து நாம் அறிவது யாது? மருந்தும் ஆறுதலும் மட்டுமே போதா. அடுப்பெரிய வழி செய்வதும் சிகிச்சையைச் சேர்ந்ததே.

இலங்கையின் வடகிழக்கில் நிகழ்ந்த ஆராய்ச்சி நம் நெஞ்சைத் தொடுவது. போரையும் பேரலையையும் ஒருங்கே கண்ட 31 குழந்தைகளைத் தேர்ந்து இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் தம் வாழ்க்கைக் கதையைப் பிறப்பிலிருந்து வரிசையாகச் சொல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் உடனிருந்து கேட்டு எழுதினர். மற்றப் பிரிவினர்க்குத் தியானமும் உடல் தளர்த்தும் பயிற்சியும் அளித்தனர். இருசாரார்க்கும் ஆறு அமர்வுகளே. ஆறு திங்கள் சென்றபின், கதை சொன்ன குழந்தைகளுள் நூற்றுக்கு 81 விழுக்காட்டினரும், தியானம் பயின்றோருள் 71 விழுக்காட்டினரும் நோய் நீங்கியிருந்தனர். குழந்தைகளின் தொகை சிறிதே. எனினும் 2009-இல் வெளியான இவ்வாராய்ச்சி, சிகிச்சை பெரிய கட்டடத்தையும் பெரும்பொருளையும் மட்டுமே நம்பியதன்று என்பதைக் காட்டிற்று. பேராசிரியர் சோமசுந்தரமும் மூச்சுப் பயிற்சி, அவரவர் சமயத்துக்கேற்ற செபம், ஊரார் கூடிச் செய்யும் சடங்குகள் ஆகியவற்றைத் தம் மருத்துவத்தோடு சேர்த்துக்கொண்டவர்.

சிகிச்சை எத்தகையது?

இன்று பயனுடையதென்று நன்கு மெய்ப்பிக்கப்பட்டது பேச்சு வழிச் சிகிச்சையே. அச்சந்தரும் நினைவைப் பயிற்சி பெற்றவர் துணையுடன், காப்பான சூழலில், சிறிது சிறிதாக அணுகுவது அதன் உயிர்நிலை. அமெரிக்காவில் எட்னா ஃபோவா என்னும் பெண்மணி இம்முறையை ஒழுங்குபடுத்தியவர்களுள் தலைசிறந்தவர். தவிர்க்குந்தோறும் அச்சம் வளர்கிறது. அணுகுந்தோறும் தேய்கிறது என்பது இதன் கருத்து. ஃபிரான்சின் ஷாபிரோ 1980-களின் இறுதியில் உருவாக்கிய, கண்களை இருபுறமும் அசைத்தபடி நினைவைக் கையாளும் முறையும் ஏற்கப்பட்டுள்ளது. செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளும் சிலருக்கு உதவும். அவற்றை மருத்துவர் சொற்படியே உட்கொள்ளவும் நிறுத்தவும் வேண்டும்.

செய்யத்தகாதனவும் உள. விபத்து நடந்த மறுநாளே ஒருவரை உட்காரவைத்து, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல் என்று வற்புறுத்துவது நன்மை தருவதில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டின. முதல் திங்களில் தூக்க மாத்திரை வகைகளைத் தருவதையும் உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட நெறிமுறையில் விலக்கியுள்ளது. சாராயமோ கூறவே வேண்டா. அது ஓர் இரவை மறக்கச் செய்து, பல ஆண்டுகளைக் கெடுக்கும்.

நாம் செய்யக்கூடுவது

இரயில் எஞ்சின் ஓட்டும் அன்பர்களை எண்ணிப் பாருங்கள். தண்டவாளத்தில் ஒருவர் குறுக்கே வந்துவிட்டால், பிரேக் போட்டாலும் வண்டி உடனே நிற்பதில்லை. ஓட்டுநர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். உடலை அகற்றும் கேங்மேன்களும் அதே பாடு படுகின்றனர். பின்னர் வரும் விடுமுறை விண்ணப்பத்தில் 'வயிற்றுவலி' என்றும் 'தலைச்சுற்று' என்றும் எழுதியிருக்கும். 'அந்த முகம் கண்ணை விட்டு அகலவில்லை' என்று எழுதிய விண்ணப்பத்தை நாம் ஒருநாளும் கண்டதில்லை. எழுதினால் வேலைக்குத் தகுதியற்றவன் என்று சொல்லிவிடுவார்களோ என்னும் அச்சம். பெண் கொடுக்க மாட்டார்களோ என்னும் கவலை. நோயை விடக் கொடியது இந்த மறைப்பே.

ஆகவே தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும் சில சொல்ல விழைகிறோம். வீட்டில் ஒருவர் பேரிடர் கண்டு வந்தால், முதலில் உணவும் உறக்கமும் துணையும் கொடுங்கள். அவர் பேசினால் இடைமறியாமல் கேளுங்கள், பேசாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். 'ஆண்பிள்ளை அழலாமா?' என்று கேளாதீர்கள். பேய் பிடித்தது என்று அடித்து விரட்ட முனையாதீர்கள். கோயிலுக்கோ தர்காவுக்கோ மாதா கோவிலுக்கோ அழைத்துச் செல்வது ஆறுதல் தருமாயின் தடையில்லை. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். ஒரு திங்கள் கடந்தும் உறக்கமும் அமைதியும் திரும்பவில்லையெனில் மருத்துவரிடம் செல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டா.

வழியும் இல்லாமலில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசுப் பொருளுதவி பெறும் நிலையங்களில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியுள்ளது. 2022 அக்டோபர் 10 முதல் மத்திய அரசு 'டெலி மனஸ்' என்னும் தொலைபேசி உதவியை நடத்தி வருகிறது. 14416 என்னும் எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம், கன்னடத்திலும் பேசலாம். உள்ளத்துயரை அயல்மொழியில் உரைப்பது எவர்க்கும் அரிதாகலின், புலம்பெயர்ந்த நமக்கு இது பேருதவியாகும்.

நம் சங்கம் பொங்கல் விழாவும் பேச்சுப் போட்டியும் நடத்துகிறது, நல்லதே. அவற்றோடு, ஆண்டுக்கொருமுறை தமிழறிந்த மனநோய் மருத்துவர் ஒருவரை அழைத்து, கதவு திறந்த மண்டபத்தில் எல்லோரும் கேட்கப் பேசச் செய்யலாம் அன்றோ? 1991-இல் ஓடிவந்த பாட்டியும் எஞ்சினிலிருந்து இறங்கிய ஓட்டுநரும் அங்கே அடுத்தடுத்து அமர்ந்து, தம் துன்பத்துக்கு ஒரு பெயர் உண்டு, அதற்கு மருந்தும் உண்டு என்று கேட்டறிந்தால், அதுவே சிகிச்சையின் தொடக்கமாகும். செயற்குழு அன்பர்கள் இதனைக் கருத்திற் கொள்வார்களாக.