நான்கு படிகள்

ஓர் ஊரிலே ஒரு தபாற் கந்தோர். வீதியிலிருந்து அதன் வாயிலுக்கு ஏற நான்கு படிகள். நாம் அவற்றை எண்ணிப் பார்த்ததில்லை. ஏறி இறங்கியதை நினைவில் வைத்ததுமில்லை. ஆனால், சக்கர நாற்காலியிலே வரும் ஒருவருக்கு அந்த நான்கு படிகளும் மதிலுக்குச் சமானம். வீதியோரத்திலே காத்திருந்து, "தம்பி, இந்தக் கடிதத்தை ஒருக்கால் பதிவுத் தபாலில் போட்டுவிடுகிறீரா?" என்று அவர் பிறரைக் கேட்கவேண்டியிருக்கின்றது. உதவ மறுப்பவர் வெகு சிலரே. எனினும், தம் காரியத்தைத் தாமே செய்துகொள்ளும் பெருமையை அவர் அந்த வாயிலிலே இழந்துவிடுகின்றார்.

குறை அவருடைய காலிலே மாத்திரந்தானா இருக்கின்றது? கட்டிடத்திலும் ஒரு குறை உண்டன்றோ?

இக்கேள்வியை இலங்கையிலே விடாது எழுப்பியவர்களுள் ஒருவர் அஜித் பெரேரா. இவர் ஓர் இரசாயனவியலாளர். கிரிக்கெட் மத்தியஸ்தராகவும் பெயர் பெற்றவர். 1992ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஓடிக்கொண்டிருந்த இவருடைய காரின் மேல் வீதியோர மரமொன்று விழுந்தது. உயிர் தப்பினார், ஆனால் கால்கள் இயங்கவில்லை. அன்று முதல் சக்கர நாற்காலியே துணையாயிற்று. பிறர் இரக்கத்தை நாடி வீட்டிலே இருந்துவிடாமல், 2009ஆம் ஆண்டிலே இவர் உயர் நீதிமன்றத்தை நாடினார்.

சட்டம் இல்லாமலில்லை. அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்காக 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியிருந்தது. உத்தியோகத்துக்கு ஆட்சேர்க்கும்பொழுதோ, கல்விக்கூடத்திலே அனுமதிக்கும்பொழுதோ, அங்கவீனத்தைக் காரணங்காட்டி எவருக்கும் பாரபட்சம் செய்தலாகாது என்பது அதன் விதி. பொதுக் கட்டிடங்களுக்குள் யாவரும் சென்றுவர வசதி செய்யவேண்டுமென 2006ஆம் ஆண்டிலே ஒழுங்குவிதிகளும் வெளிவந்தன. எழுத்திலே இருந்தவை சுவரிலும் வாயிலிலும் வரவில்லை. அதுவே வழக்கின் சாரம். புதிய பொதுக் கட்டிடங்கள் அவ்விதிகளைப் பின்பற்றியே எழவேண்டுமென 2011ஆம் ஆண்டு ஏப்ரிலிலே உயர் நீதிமன்றம் பணித்தது. பெரேரா 2020ஆம் ஆண்டிலே காலமானார். அவர் தேடித்தந்த தீர்ப்போ நம் கையிலே இருக்கின்றது. ஐக்கிய நாடுகள் சபை 2006ஆம் ஆண்டிலே ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையையும் நம் நாடு 2016ஆம் ஆண்டிலே உறுதிப்படுத்தியது.

"இத்தகையோர் எத்தனை பேர்? அவர்களுக்காக இவ்வளவு செலவா?" என்று கேட்பாரும் உளர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டோருமானவர்களுள் 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர், அதாவது நூற்றுக்கு 8.7 பேர், பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றுள் ஏதேனும் ஒன்றிலாவது இடர்ப்படுகின்றனர். பன்னிருவர் கூடியுள்ள குடும்பமொன்றிலே ஒருவர் என்று கொள்ளலாம். மேலும், படிக்குப் பதிலான சாய்வுப் பாதை அவருக்கு மாத்திரமா உதவும்? ஊன்றுகோல் பிடித்த அப்பு, கைக்குழந்தையோடு வரும் தாய், மூட்டை சுமக்கும் தொழிலாளி ஆகிய யாவருக்கும் அது உதவும்.

சாய்வுப் பாதைக்கு ஒரு கணக்கு உண்டு. மாணவர்கள் இதைக் கவனிக்க. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். படியொன்று ஆறு அங்குலமாயின், நான்கு படிகள் இரண்டடி. அதற்குப் பாதை 24 அடி. இதிற் குறைந்தால் நாற்காலியைத் தாமே உருட்டி ஏறுவது கடினம். வாயிலிலே ஒரு பலகையைச் செங்குத்தாகச் சாய்த்துவிட்டு, "வசதி செய்துவிட்டோம்" என்பது கணக்கிலும் பிழை, நீதியிலும் பிழை.

கண்ணுக்குத் தெரியாத படிகளும் உண்டு. அவை நம் வீடுகளுக்குள்ளே இருக்கின்றன. கலியாண வீட்டுக்குப் புறப்படும்பொழுது, பேச்சு வராத பிள்ளையை மாத்திரம் அம்மம்மாவோடு விட்டுச் செல்கின்றோம். "சனங்கள் பார்த்தால் என்ன சொல்லும்?" என்பதே காரணம். சனங்கள் ஒரு நாள் பேசிவிட்டு மறப்பார்கள். கதவுக்குப் பின்னால் நின்ற பிள்ளை மறக்குமா? செவிப்புலனும் விழிப்புலனும் இழந்த சிறார்க்கென 1912ஆம் ஆண்டிலேயே இந்நாட்டிற் பாடசாலை எழுந்தது. யாழ்ப்பாணத்துக் கைதடியிலும் நஃபீல்ட் பாடசாலை நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. "இவனுக்கு எதற்குப் படிப்பு?" என்னும் பேச்சு இனியும் நம் வாயில் வரலாகாது.

எல்லாம் பணத்தால் ஆவனவல்ல. நடக்க இயலாத மாணவி மேல்மாடி வகுப்பிலே இருந்தால், அவ்வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற ஒரு சதமும் செலவில்லை. பார்வையற்ற தோழனுக்குக் கரும்பலகையில் உள்ளதை வாசித்துக் காட்டச் சிறிது பொழுது போதும். விளையாட்டுப் போட்டியின்போது அவனுக்கும் ஒரு வேலை கொடுங்கள், ஓரத்தில் இருத்திவிடாதீர்கள்.

அடுத்த முறை கோவிலுக்கோ, வாசிகசாலைக்கோ, கந்தோருக்கோ செல்லும்பொழுது வாயிற் படிகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். உங்கள் ஊர்ச் சங்கக் கூட்டத்திலே அந்த எண்ணைச் சொல்லி, 'இதற்கொரு வழி வேண்டும்' என்று எழுந்து கேளுங்கள். வீதியோரத்திலே கடிதத்தோடு காத்திருக்கும் மனிதர் நம்மிடம் கேட்பது தருமமன்று. உள்ளே வர ஒரு வழியே.