வாணிகச் சட்ட நிறுவனமொன்றின் வளர்ச்சி

வாணிகஞ் செய்வாரது ஒழுக்கத்தை வள்ளுவர் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்துள் வைத்துக் கூறினார். வாணிகத்துக்குக் கைமுதலினும் இன்றியமையாதது நம்பிக்கை என்பது இதனாற் பெறப்படும். ஒருவரையொருவர் நன்கறிந்தோர் நடத்தும் சிறு வாணிகத்தில் இந்நம்பிக்கையைக் காக்க வாய்ச்சொல்லே போதியதாகும். முன்பின் அறியாதார் பலர் தம் பொருளை ஒருங்குசேர்த்து நடத்தும் பெருவாணிகத்திலோ எழுத்தும், சட்டமும், அவற்றைக் காக்க வல்லாரும் வேண்டும். இத்தேவை பற்றி எழுந்தவையே வாணிகச் சட்ட நிறுவனங்கள். அவை வளர்ந்தவாற்றை, அமெரிக்காவில் ரெக்சாஸ் மாநிலத்து ஹியூஸ்ரன் நகரில் தோன்றிய பேக்கர் பொற்ஸ் என்னும் நிறுவனத்தின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

ஹியூஸ்ரன் நகரம் 1836 இல் அமைக்கப்பட்டது. அதற்கு நான்காண்டு பின், 1840 இல், இந்நிறுவனம் தொடங்கியது. ரெக்சாஸ் அப்போது ஐக்கிய அமெரிக்காவுடன் சேராத தனிக் குடியரசாக இருந்தது. அது சேர்ந்தது 1845 இலேயாம். நிறுவனத்தின் முதல்வராகப் போற்றப்படுபவர் பீற்றர் கிறே என்பார். உள்நாட்டுப் போர் 1865 இல் முடிந்தபின் வோல்ற்றர் பிரவுண் பொற்ஸ் என்பாரும், 1872 இல் ஜேம்ஸ் அடிசன் பேக்கர் என்பாரும் அவருடன் பங்காளராயினர். 1874 இல் கிறே காலமானார். சட்டத்தரணி ஒருவர் மறைந்தால் அவர்தம் தொழிலும் அவரோடு மறைதல் பெருவழக்கு. ஈண்டோ பங்காளர் மறைந்தும் நிறுவனம் நிலைத்தது. தனியொருவர்பால் மக்கள் வைத்த நம்பிக்கை ஒரு பெயரின்பாற் சென்று சேர்ந்தமையே அதற்குக் காரணம் எனலாம்.

நிறுவனம் பெருகுதற்கு ஏதுவாயது புகையிரதம். 1893 முதல் சதேண் பசிபிக் என்னும் பெரும் புகையிரதக் கம்பனியின் ரெக்சாஸ் அலுவல்களை இந்நிறுவனம் ஏற்று நடத்திற்று. இருப்புப் பாதை பல மாவட்டங்களினூடு செல்வது. ஆதலின், காணி பற்றியும், வண்டியில் அகப்பட்டு இறந்த கால்நடை பற்றியும், காயமுற்ற தொழிலாளர் பற்றியும் எழும் வழக்குகள் ஊர்தோறும் நிகழும். இவற்றை ஒருவரே நடத்துதல் இயலாது. ஆகவே வேலையைப் பகுத்துக் கொள்ளுதலும், ஆவணங்களை ஒழுங்குற வைத்தலும், இளைஞரைப் பயிற்றுதலும் இன்றியமையாதனவாயின. இங்ஙனம் பயின்றோர் வாணிக உலகிலும் உயர்ந்தனர். இந்நிறுவனத்திற் பணியாற்றிய றொபேட் லொவெற் என்பார், 1909 இல் ஹரிமன் என்னும் புகையிரத அதிபர் இறந்தபோது, யூனியன் பசிபிக் கம்பனியின் தலைமைப் பதவியை ஏற்றார்.

நிறுவனத்தின் மெய்யான மதிப்பு ஒரு மரணசாசன வழக்கில் விளங்கிற்று. வில்லியம் மார்ஷ் றைஸ் என்பார் ஹியூஸ்ரனிற் பொருளீட்டிய வணிகர். அந்நகரிற் கல்விக்கழகம் ஒன்று நிறுவ 1891 இல் அவர் அறநிதியம் ஏற்படுத்தினார். முன்னர்க் கூறிய பேக்கரின் மகனும், கப்ரின் பேக்கர் என வழங்கப்பட்டவருமான சட்டத்தரணியே அந்நிதியத்தின் தலைமைப் பொறுப்பாளர். 1900 செப்ரெம்பர் 23 இல், நியூயோர்க்கில், தம் 84 ஆம் வயதில் றைஸ் இறந்தார். உடனே அல்பேட் பற்றிக் என்னும் சட்டத்தரணி, செல்வத்தின் பெரும்பகுதியைத் தமக்களிக்கும் மரணசாசனம் ஒன்றைக் காட்டினார். ஆயின் றைஸ் எழுதியதாகக் காட்டப்பட்ட காசோலையொன்றில் பற்றிக்கின் பெயரில் ஓரெழுத்துக் குறைந்திருந்தமை வங்கி ஊழியரின் ஐயத்தைக் கிளப்பிற்று. கப்ரின் பேக்கர் நியூயோர்க் விரைந்து விசாரணைக்குத் துணைநின்றார். பற்றிக்கின் தூண்டுதலாற் குளோரோபோம் கொடுத்துத் தம் எசமானைக் கொன்றதாக ஜோன்ஸ் என்னும் பணியாள் வாக்குமூலமளித்தான். மரணசாசனம் போலியெனக் கண்டு தள்ளப்பட்டது. 1902 இற் பற்றிக் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். பொருள் அறநிதியத்தைச் சேர்ந்தது. 1912 இற் கழகம் திறக்கப்பட்டது. இன்றைய றைஸ் பல்கலைக்கழகம் அதுவே. ஒரே வழக்கில் ஒரு சட்டத்தரணி தம் அறிவால் நம்பிக்கையைக் கெடுக்க முயன்றதையும், மற்றொருவர் இறந்தாரது விருப்பத்தைக் காத்ததையும் ஒருங்கே காண்கின்றோம்.

1901 இல் ஸ்பின்டில்ரொப் என்னுமிடத்தில் எண்ணெய் பீறிட்டெழுந்தது. 1914 இல் ஹியூஸ்ரனுக்குப் பெருங்கப்பல் வரும் கால்வாய் திறக்கப்பட்டது. நகரத்தோடு நிறுவனமும் வளர்ந்தது. உறவினரைச் சேர்த்தல் ஆகாதென்னும் விதியும் அதன்கண் இருந்தது. பிற்காலத்து அமெரிக்க இராசாங்கச் செயலாளராகிய மூன்றாம் ஜேம்ஸ் பேக்கர், கப்ரின் பேக்கரின் பேரர். அவர் தந்தையாரும் அங்கே பங்காளர். எனினும் 1957 இல் அவ்விதி காரணமாக அவர் வேறொரு நிறுவனத்திலேயே தொழில் தொடங்கினார். குடும்பப் பெயர் தாங்கிய நிறுவனம் குடும்பச் சொத்தாகாது நின்றமை நம்மவர் சிந்தித்தற்குரியது.

இவ்வளர்ச்சிக்கு மறுபக்கமும் உண்டு. கம்பனியின் பக்கம் தேர்ந்த சட்டத்தரணியர் பலர் நிற்ப, கை இழந்த தொழிலாளியின் பக்கம் ஒருவரே நின்றிருத்தல் கூடும். வாதிடுவோரின் வன்மை ஒருபாற் குவியுமிடத்து, நீதிமன்றத்தின் துலாக்கோல் சமனாய் நிற்றல் அரிது. ஆதலின் வாணிகச் சட்ட நிறுவனத்தின் வளர்ச்சியை அதன் வருவாயாலும் அலுவலகங்களின் தொகையாலும் மட்டும் அளத்தல் பொருந்தாது. தன்னை நம்பி ஒப்படைக்கப்பட்டதை அது காத்ததா என்பதும், எளியாரும் நீதி பெறும் வழியை அடைக்காது விட்டதா என்பதும் உடன்வைத்து எண்ணப்படல் வேண்டும். சட்டம் பயிலப் புகும் நம் மாணவர் இவ்விரு வினாக்களையும் உளங்கொள்வாராக.