கணக்கில் அம்மாவின் ‘எக்ஸ்’, பிள்ளையின் பட்டை

ஆங் மோ கியோ வட்டாரத்தின் வீவக வீடுகளில், தொடக்கநிலை 6ல் படிக்கும் பிள்ளை இருந்தால் கணக்குப் பாடத்தில் ஒரு சிறு சச்சரவு எழுவதுண்டு. தமிழகத்தில் படித்து இங்கு குடியேறிய பெற்றோர் உடனே ‘எக்ஸ் என்று வைத்துக்கொள்’ என்கின்றனர். பிள்ளையோ, “டீச்சர் இப்படிச் சொல்லித் தரலை” என்று செவ்வகப் பட்டைகளை வரைகிறது.

இரண்டும் வேறு வேறு வழிகள் அல்ல.

அண்ணனிடம் தங்கையைவிட மூன்று மடங்கு பணம் உள்ளது. இருவரிடமும் மொத்தம் 48 வெள்ளி. தங்கையிடம் எவ்வளவு?

பிள்ளை தங்கைக்கு ஒரு பட்டை, அண்ணனுக்கு அதே அளவில் மூன்று பட்டைகள் வரையும். நான்கு பட்டைகள் 48 என்றால் ஒரு பட்டை 12. பெற்றோர் தங்கையின் பணத்தை எக்ஸ் என்பர். அண்ணனுடையது 3எக்ஸ். மொத்தம் 4எக்ஸ் = 48; எக்ஸ் = 12. பிள்ளை ‘ஒரு யூனிட்’ என்று வரைந்த பட்டைதான் அந்த எக்ஸ்.

‘மாடல்’ எனப்படும் இந்தப் பட்டை முறை, 1980களில் கோ டெக் ஹாங் தலைமையிலான பாடத்திட்டக் குழு உருவாக்கியது. பொருளைத் தொட்டு எண்ணுவதற்கும் எழுத்தால் எழுதுவதற்கும் இடையே படம் ஒரு படிக்கட்டு. தொடக்கநிலை 6ல்தான் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் அறிமுகமாகிறது. பட்டையைக் கண்ணால் பார்க்காத பிள்ளையிடம் எக்ஸைத் திணித்தால், அது வெறும் எழுத்தாகவே நிற்கும்.

ஆனால் படமோ எழுத்தோ மட்டும் போதாது. பிஎஸ்எல்இ 2021 கணிதத் தாளில் வந்து, பெற்றோரிடையே பெரிதும் பேசப்பட்ட நாணயக் கணக்கு அதற்குச் சான்று.

ஹெலனிடமும் ஐவனிடமும் ஒரே எண்ணிக்கையில் நாணயங்கள். எல்லாமே 50 காசு அல்லது 20 காசு. ஹெலனிடம் 20 காசு நாணயங்கள் 64, ஐவனிடம் 104. ஹெலனின் நாணயங்கள் மொத்தம் 1.134 கிலோகிராம். யாரிடம் எவ்வளவு பணம் அதிகம்? ஒரு 50 காசு நாணயம், 20 காசைவிட 2.7 கிராம் கனம் என்றால் ஐவனின் நாணயங்களின் எடை எவ்வளவு?

படிப்பவரின் கை முதலில் 50 காசு நாணயங்களின் எண்ணிக்கையைத் தேடும். அதைக் கண்டுபிடிக்கத் தேவையான விவரம் கேள்வியில் இல்லை. அது தேவையும் இல்லை.

முதல் படி: ஐவனிடம் 20 காசு நாணயங்கள் 104 – 64 = 40 கூடுதல்.

இரண்டாம் படி: மொத்த எண்ணிக்கை சமம் என்பதால் ஹெலனிடம் 50 காசு நாணயங்கள் 40 கூடுதல்.

மூன்றாம் படி: மற்ற நாணயங்கள் இருவரிடமும் ஒன்றே. ஆக, இந்த 40 நாணயங்களில்தான் வேறுபாடு. ஒவ்வொன்றிலும் 30 காசு வித்தியாசம். 40 x 30 = 1,200 காசு. ஹெலனிடம் 12 வெள்ளி அதிகம்.

நான்காம் படி: எடைக்கும் அதே 40 தான். 40 x 2.7 = 108 கிராம். 1,134 – 108 = 1,026. ஐவனின் நாணயங்கள் 1.026 கிலோகிராம்.

பெருக்கலும் கழித்தலும் மட்டுமே தெரிந்தால் போதும். சிரமம், எதைத் தேட வேண்டாம் என்று முடிவெடுப்பதில் இருக்கிறது.

வீட்டில் உதவும் பெற்றோர் விடையைச் சொல்வதற்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்: இருவருக்கும் எது சமம்? எதில் வேறுபாடு? கேட்கப்பட்டது எது? அதன்பின் பிள்ளை பட்டை வரையட்டும். பெற்றோர் அந்தப் பட்டையின்மேல் எக்ஸ் என்று எழுதிக் காட்டலாம். உயர்நிலைப்பள்ளியில் முழு இயற்கணிதம் வரும்போது, அந்த எழுத்து பிள்ளைக்குப் பழகியதாக இருக்கும்.

வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத இந்திய மாணவர்களுக்குச் சிண்டாவின் ‘ஸ்டெப்’ துணைப்பாட வகுப்புகள் குறைந்த கட்டணத்தில் உள்ளன.