இங்கிலீஷுக்குப் போன கட்டுமரம்

செங்கல்பட்டு மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு மறைமலைநகர் ஒரு ஸ்டேஷன். வேலை தேடுகிறவர்களுக்கு அது தொழிற்பேட்டை. ஊருக்குப் பெயர் தந்த மறைமலை அடிகளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேதாசலம். வேதத்தை மறை என்றும், அசலத்தை மலை என்றும் மாற்றி, தன் பெயரையே தமிழாக்கிக்கொண்டவர். 1916-ல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர்.

அவர் கவலைப்பட்டது தமிழுக்குள் வந்து உட்கார்ந்த வெளிச்சொற்களைப் பற்றி. நாம் பார்க்கப்போவது இங்கிருந்து வெளியே போன ஒரு சொல்லை. அந்தச் சொல்லின் பிறந்த வீடும் தூரத்தில் இல்லை. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்விட்டால், எதிரே இருப்பது அந்தக் கடற்கரைதான்.

கட்டுமரம். ஆங்கிலத்தில் 'கேட்டமரான்'.

கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. கட்டுமரம் படகு அல்ல. படகு என்றால் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வேண்டும். கட்டுமரத்துக்கு 'உள்ளே' என்பதே கிடையாது! லேசான மரங்கள் சிலவற்றைச் செதுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டியது, அவ்வளவுதான். அலை மேலே ஏறி, இடுக்கு வழியாக வழிந்துவிடும். கவிழ்ந்தால் நிமிர்த்தி மறுபடி ஏறிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. அலை ஓயாமல் மோதுகிற, துறைமுகம் இல்லாத கரைக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று இருந்திருக்க முடியாது.

வில்லியம் டாம்பியர் என்று ஒரு ஆங்கிலேயர். கடற்கொள்ளைக் கூட்டத்தில் இருந்தவர், உலகத்தை மூன்று முறை சுற்றியவர், பார்த்ததையெல்லாம் எழுதி வைத்தவர். 1697-ல் வெளிவந்த அவருடைய பயண நூலில், சோழமண்டலக் கரையின் இந்த மரங்களைப் பற்றியும், அவற்றின் பெயரைப் பற்றியும் எழுதினார். ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஏறிய தொடக்ககாலப் பதிவுகளில் அது ஒன்று. அப்போது அதற்கு ஒரே பொருள்தான். நம் பொருள்.

பிறகு சென்னைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் எல்லோருக்கும் அந்தச் சொல் பழகிப்போனது. துறைமுகம் கட்டப்படும்வரை கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பெரிய படகுகளே இறங்கத் தயங்கும் நாளில், கட்டுமரக்காரர் ஓலைத் தொப்பிக்குள் கடிதத்தைச் செருகிக்கொண்டு, அலையைத் தாண்டிக் கப்பலுக்குப் போய்ச் சேர்ப்பார். ஆள் முழுக்க நனைந்தாலும் கடிதம் நனையாது.

ஆங்கில மாலுமிகள் ஊர் ஊராகப் போகிறவர்கள். சொல்லும் கூடவே போனது. மேற்கிந்தியத் தீவுகளிலும் தென் அமெரிக்காவிலும் பார்த்த தெப்பங்களுக்கும் அதே பெயரை வைத்தார்கள். கப்பல் தளங்களில் கப்பலின் பக்கவாட்டில் மிதக்கவிடும் மேடைக்கும் அதே பெயர். பொருள் அகலமாகிக்கொண்டே போனது.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. நம் சமையலறையிலேயே இது நடந்திருக்கிறது. எள்ளிலிருந்து எடுத்த நெய்தான் எண்ணெய். இன்று தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், போதாததற்கு மண்ணெண்ணெய்! எள்ளுக்கே உரிய பெயரை எல்லோரும் எடுத்துக்கொண்டதால், அசலானது 'நல்லெண்ணெய்' என்று தனியாக ஒரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

கட்டுமரத்துக்கு நடந்தது இன்னும் வேடிக்கை. 1804 அக்டோபரில் பிரெஞ்சுத் துறைமுகமான பூலோனில் நின்ற நெப்போலியனின் படகுப் படை மீது பிரிட்டிஷ் கடற்படை ஒரு புது ஆயுதத்தை ஏவியது. அமெரிக்கரான ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்தது. சுமார் 20 அடி நீளப் பெட்டி, உள்ளே வெடிமருந்து, வெடிக்க வைக்க ஒரு கடிகார இயந்திரம். தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்வாக மிதந்த அந்தப் பெட்டிகளுக்கு வைத்த பெயர் கேட்டமரான்! எதிரிக்குப் பெரிய சேதம் ஒன்றும் ஆகவில்லை. ஆனால், மீன் பிடிக்கிற மரத்தின் பெயர் வெடிகுண்டின் பெயராகிவிட்டது.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் அது பனிக்கட்டிக்கு மேல் ஏறியது. குதிரையோ நாயோ இழுத்துப்போகும் விறகு வண்டிக்கு அங்கே கேட்டமரான் என்று பெயர். சக்கரம் கிடையாது, சறுக்குக்கட்டைதான். 19-ம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களில் சண்டைக்காரக் கிழவியைத் திட்டவும் இந்தச் சொல் பயன்பட்டது. முன்பாதி 'கேட்', அதாவது பூனை, என்று ஒலிப்பதால் இருக்கலாம் என்கிறார்கள் அகராதிக்காரர்கள். பாவம், மீனவருக்கும் பூனைக்கும் மீன் ஒன்றைத் தவிர வேறு சம்பந்தம் ஏது?

வசை என்றதும் இன்னொரு சொல்லைச் சொல்லாமல் போக முடியவில்லை. இதே கரையிலிருந்து ஒரு மக்களின் பெயரும் ஆங்கிலத்துக்குப் போனது. பறை என்ற கருவியோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர். அங்கே அது 'பரையா' ஆகி, யாரும் சேர்த்துக்கொள்ளாத ஆள் என்ற பொதுப் பொருளைப் பெற்றது. ஒதுக்கப்பட்ட நாடுகளைக் குறிக்க ஆங்கிலப் பத்திரிகைகள் இன்றும் அதை எழுதுகின்றன. உலகம் சுற்றிய தமிழ்ச் சொல் என்று அதையும் பெருமைப் பட்டியலில் சேர்க்கிறவர்கள் ஒரு நிமிடம் யோசிக்கலாம். ஒரு சொல்லின் பொருள் விரிந்ததில், உயிரோடு இருக்கும் மனிதர்களின் பெயர் இழிவுக்கு அடையாளமாகிப் போனது.

கட்டுமரத்துக்கு வருவோம். 1876 ஜூன். நியூயார்க்கில் பாய்மரப் படகுப் போட்டி. நத்தானியல் ஹெர்ரஷாஃப் என்ற இளைஞர், இரண்டு ஒல்லியான படகுகளை இணைத்துச் செய்த 'அமரிலிஸ்' என்ற ஒன்றோடு வந்து எல்லோரையும் முந்தினார். தோற்றவர்கள் 'இதெல்லாம் படகே இல்லை' என்று புகார் செய்ய, பரிசு போயிற்று. ஆனால், இரட்டை உடல் கொண்ட படகுக்குக் கேட்டமரான் என்ற பெயர் நிலைத்துவிட்டது. (நம் மறைமலை அடிகள் பிறந்தது அதற்கு அடுத்த மாதம், 1876 ஜூலை 15-ல்!)

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 'கேட்டமரான் கப்பலைக் கண்டுபிடித்தவன் தமிழன்', 'சோழர் படை கட்டுமரத்தில்தான் கடாரம் போனது' என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதை ஃபார்வேர்டு செய்யும் முன் கொஞ்சம் பொறுங்கள். கட்டுமரம் கரையோரம் மீன் பிடிக்க ஆனது, படையை ஏற்றிப் போக அல்ல. இரட்டை உடல் படகில் பெருங்கடல் தாண்டியவர்கள் பசிபிக் தீவுக்காரர்கள். படகு அவர்களுடையது, பெயர் நம்முடையது. அவர்கள் பெயரை யாரும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

அதற்கப்புறம் சொல்லையே இரண்டாக உடைத்தார்கள். மூன்று உடல் கொண்ட படகுக்கு 'ட்ரைமரான்' என்று பெயர் வைத்தார்கள். ஐந்து என்றால் 'பென்டாமரான்'. ஆக, 'மரான்' என்றால் படகின் உடல் என்று ஆகிவிட்டது. அது நம் மரம்தான்! அலுமினியத்திலும் கார்பன் இழையிலும் செய்த, ஒரு துண்டு மரம்கூட இல்லாத கப்பலில் மரம் உட்கார்ந்திருக்கிறது. 'கட்டு'தான் பூனையாகிப் போனது.

இன்று பெங்களூரில் நாராயண மூர்த்தியின் முதலீட்டு நிறுவனத்துக்கு அந்தப் பெயர். அமெரிக்காவில் மருந்துச் செலவுத் திட்டங்களைக் கவனித்த ஒரு கம்பெனியும் சில வருடங்கள் அந்தப் பெயரோடு இருந்தது. 2012-ல் நம் கடற்படையில் சேர்ந்த 'மகர்' என்ற ஆய்வுக் கப்பலும் கேட்டமரான் வகைதான். 2024 பிப்ரவரி 28-ல் தூத்துக்குடி விழாவில் பிரதமர் தொடங்கி வைத்த ஹைட்ரஜன் படகும், கொச்சியில் கட்டப்பட்ட 24 மீட்டர் கேட்டமரான். இதைத் தமிழில் எழுதும்போது நாமும் 'கேட்டமரான்' என்றே எழுதுகிறோம். வெளிநாடு போன பிள்ளை திரும்பி வந்தபோது, அவன் பெயரைப் பெற்றவளே இங்கிலீஷில் கூப்பிடுகிற மாதிரி. 'இரட்டை உடல் படகு' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? இங்கே கட்டுமரம் என்று எழுதவும் முடியாது. நமக்கு அது வேறு பொருள்.

வேறு பொருளா? கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கரையில் நடந்து பார்த்தால் அதுவும் சந்தேகமாகிவிடுகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவும் கடனாகவும் கண்ணாடி இழைப் படகுகள் ஏராளமாக வந்தன. இன்ஜின் வைத்துக்கொள்ளலாம், தூரமாகப் போகலாம், மீனும் அதிகம் ஏற்றலாம். மரத்தைச் செதுக்கத் தெரிந்த கைகளுக்கு வேலை குறைந்துபோனது. படகுக்குப் பெயரே 'பைபர்' ஆகிவிட்டது. 'பைபர்ல போனான், இன்னும் கரைக்கு வரலை' என்றால் கரையில் எல்லோருக்கும் புரியும். ஆங்கிலத்தில் நார், இழை என்று பொருள்படும் சொல்லுக்கு இங்கே கிடைத்த புதுப் பொருள் அது. எந்த ஆங்கில அகராதியிலும் கிடையாது.

அலையைத் தாண்ட பழைய வடிவமே தோது என்று நினைக்கிறவர்களுக்காக இன்னொன்றும் இருக்கிறது. கண்ணாடி இழையில் வார்த்து, உள்ளே நுரைப்பொருளை அடைத்த ஒற்றை மிதவை. அவிழ்க்கக் கயிறு இல்லை, காயப் போடக் கட்டை இல்லை. அதன் பெயர் பைபர் கட்டுமரம்.